பிளஸ் ஒன்னில் கணிதமா, வணிகக் கணிதமா? எதை எடுத்தால் பின்னால் சிக்கல் வராது?

"பத்தாவதில் கணக்கில் 78. பிளஸ் ஒன்னில் பிசினஸ் மேத்ஸ் ஈசியாமே, அதை எடுக்கலாமா? காலேஜ் சேரும்போது பிரச்சினை வருமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு வகுப்பிலும் உட்கார்ந்தவள் என்பதால் சொல்கிறேன். ஒன்றில் ஆறு வாரம், இன்னொன்றில் இரண்டு வருடம்.

பத்தாவதில் நான் 91. வீட்டில் யாரும் யோசிக்கக்கூட இல்லை, ஃபர்ஸ்ட் குரூப்தான், அதாவது கணிதம், இயற்பியல், வேதியியல் உள்ள பிரிவு. 2018 ஜூன். பதினொன்றாம் வகுப்புக்குப் புதுப் பாடத்திட்டம் வந்த வருடம் அது. சீனியர் அக்காக்களிடம் நோட்ஸ் வாங்கவோ பழைய கொஸ்டின் பேப்பர் புரட்டவோ வழியில்லை. முதல் பாடம் கணங்கள், தொடர்புகள், சார்புகள். பெயரைப் பார்த்ததும் பத்தாவதில் படித்ததுதானே என்று மெத்தனமாக இருந்துவிட்டேன். முதல் டெஸ்டில் 50-க்கு 14.

அந்த 91 எங்கே போனது என்று பின்னாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வடிவியலும் வரைபடமும் மட்டுமே அப்போது 20 மதிப்பெண். காம்பஸ் பிடித்துக் கை பழகிவிட்டால் அது அப்படியே வந்துவிடும். புக் பேக் ஒரு மார்க் கேள்விகள் இன்னொரு 10, 12. மீதியிலும் பாதி, பத்து முறை போட்டுப் பார்த்த அதே கணக்குகள். நானாக யோசித்துப் போட்டது எவ்வளவு என்று கேட்டால், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இப்போது வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் 8, 8 என்று 16. ஆகவே உங்கள் 78-ஐ நம்பவும் வேண்டாம், அதை வைத்துப் பயப்படவும் வேண்டாம். 16 போக மீதியில், இயற்கணிதத்தில் கொஞ்சம் மாற்றிக் கேட்டிருந்த கேள்விகளை எப்படிச் செய்தீர்கள் என்று பாருங்கள். 91 வாங்கிய என்னைவிட அதில் நீங்கள் தேவலாம் என்றுகூட இருக்கலாம்.

ஆடி பிறப்பதற்குள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஹெச்.எம். அறை வாசலில் நின்றேன். காமர்ஸ் வகுப்பில் இடம் இருந்ததால் மாற்றிக்கொடுத்தார்கள். தப்பித்தேன் என்ற நிம்மதியோடு வணிகக் கணிதப் புத்தகத்தைத் திறந்தால் முதல் பாடம் அணிகள். இரண்டாம் பாடத்தில் பகுதிப் பின்னங்கள், வரிசை மாற்றம், சேர்மானம், கணிதத் தொகுத்தறிதல், ஈருறுப்புத் தேற்றம். எதைக் கண்டு ஓடிவந்தேனோ அதில் முக்கால்வாசி இங்கேயும் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது. வகையீடு, தொகையீடு எல்லாம் உண்டு. பிளஸ் டூவில் கேள்வித்தாள் அமைப்பும் ஒன்றுதான்: இரண்டுக்கும் எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10.

எனவே ஒன்று 'பெரிய கணக்கு', மற்றது 'சின்னக் கணக்கு' என்ற பேச்சை நம்பாதீர்கள். வணிகக் கணிதத்தில் வெக்டர் கிடையாது, கலப்பு எண் கிடையாது, நிரூபணங்கள் குறைவு. அந்த இடத்தில் நிதியியல் கணிதம், ஒட்டுறவு, கூறெடுப்பு, செயல்முறை ஆராய்ச்சி வரும். அளவு குறைவு என்பது உண்மை. பிளஸ் டூவில் கணிதத்துக்கு 12 பாடம், வணிகக் கணிதத்துக்கு 10. ஆனால் தொகையீடு புரியாதவருக்கு இரண்டிலும் புரியாது.

எனக்குத் தொகையீடு புரிந்தது இங்கேதான். ஃபர்ஸ்ட் குரூப் தோழி பரவளையத்தைச் சுழற்றிக் கன அளவு கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள், நாங்கள் நுகர்வோர் உபரி கண்டுபிடித்தோம். அப்பாவுக்குப் பூக்கடை. மல்லிகை முழம் 40 ரூபாய் என்றாலும் வாங்கிப்போகிற அக்கா ஒருத்தி இருப்பார். 38 என்றால் இன்னொருவர் வருவார். விலைக்கும் விற்கிற அளவுக்கும் உள்ள உறவை, அதாவது தேவைச் சார்பை, p = 40 − 2x என்று வையுங்கள்; p விலை, x முழம். விலை 20-க்கு இறங்கும்போது 10 முழம் போகும். பூஜ்யத்திலிருந்து 10 வரை தொகையிட்டால் 300. அவர்கள் கொடுத்தது 200. மிச்சம் 100 ரூபாய், கொடுக்கத் தயாராக இருந்தும் கொடுக்காமல் மிஞ்சிய பணம். படம் போட்டால் வெறும் முக்கோணம்தான்: அடி 10, உயரம் 20, பாதி 100. அன்று ராத்திரி கடையில் இதைச் சொன்னேன். "அப்ப நூறு ரூபாயை விட்டுட்டேன்ங்கிறியா?" என்று கேட்டார் அப்பா. அதற்குமேல் ஒரு வாத்தியார் எனக்குத் தேவைப்படவில்லை.

சரி, காலேஜ் விஷயம். உண்மையில் முடிவு எடுக்க வேண்டியது இதை வைத்துத்தான், ஈசியா கஷ்டமா என்பதை வைத்தல்ல.

பி.இ. மேல் ஒரு துளி ஆசை இருந்தாலும் கணிதம், இயற்பியல், வேதியியல் எடுங்கள். பொறியியல் கலந்தாய்வின் கட்-ஆஃப் 200-இல் கணிதம் மட்டுமே 100, மற்ற இரண்டும் ஐம்பது ஐம்பது. 2021-இல் ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்வி கவுன்சில்) கையேட்டில் 'பிளஸ் டூவில் கணிதம் கட்டாயமில்லை' என்பது போல வந்ததைப் பிடித்துக்கொண்டு இன்னும் சிலர் பேசுகிறார்கள். அதை நம்பிக் காமர்ஸ் எடுத்துவிட்டு இங்கே கலந்தாய்வுக்குப் போய் நிற்க முடியாது. என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) வழியாகக் கடற்படை, விமானப்படை என்றாலும் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் வேண்டும். தரைப்படைக்கு எந்த குரூப்பும் போதும்.

பி.காம்., சி.ஏ. என்றால் வணிகக் கணிதம் தாராளம். சி.ஏ. சேரப் பிளஸ் டூவில் கணக்கே கட்டாயமில்லைதான். ஆனால் ஃபவுண்டேஷன் என்கிற அதன் முதல் கட்டத் தேர்வில், மூன்றாம் தாளில் 100-க்கு 40 வணிகக் கணிதம், 40 புள்ளியியல், தப்பு விடைக்குக் கால் மார்க் வெட்டு. பள்ளியில் பழகியவர்களுக்கு அங்கே பாதி பாரம் குறைவு.

பி.எஸ்சி. புள்ளியியல், கணினி அறிவியல், பி.சி.ஏ. இவற்றில்தான் கவனம். கணிதம்தான் வேண்டும் என்று கேட்கிற கல்லூரியும் உண்டு, வணிகக் கணிதத்தை ஏற்கிற கல்லூரியும் உண்டு. நீங்கள் மனதில் வைத்திருக்கிற இரண்டு மூன்று கல்லூரிகளின் ப்ராஸ்பெக்டஸை இப்போதே பாருங்கள், பிளஸ் டூ முடித்துவிட்டு அல்ல. இன்னொன்று: காமர்ஸ் என்றாலே பிசினஸ் மேத்ஸ் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பல பள்ளிகளில் அந்த இடத்தில் கணினிப் பயன்பாடுகள் மட்டும்தான். என் பள்ளித் தோழி ஒருத்தி அப்படி ஒரு குரூப்பில் படித்துவிட்டு, அட்மிஷன் கவுன்ட்டரில்தான் விஷயத்தைத் தெரிந்துகொண்டாள்.

இன்னும் குழப்பம் என்றால் இரண்டு புத்தகத்தையும் நெட்டிலிருந்து இறக்கி ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காருங்கள். அணிகள் பாடத்தை வைத்து ஒப்பிடாதீர்கள், அது இரண்டிலும் உண்டு. கணிதத்தில் வெக்டர் பாடம், வணிகக் கணிதத்தில் நிதியியல் கணிதம். தீர்த்துக் காட்டிய கணக்கில் பாதியை மறைத்துவிட்டு, அடுத்த வரி என்னவாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். விடை தப்பாக வந்தாலும் எதில் இன்னும் அரை மணி நேரம் உட்காரத் தோன்றுகிறது என்பதைக் கவனியுங்கள். பிடிக்காமல் போனாலும் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் முதல் சில வாரங்களுக்குள், அதுவும் பள்ளி மனது வைத்தால்தான்.

நான் பி.காம். முடித்து ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறேன். மெட்ராஸ் ஐ.ஐ.டி.யின் பி.எஸ். டேட்டா சயின்ஸ் ஆன்லைன் படிப்பில் போன வருடம் சேர்ந்தேன். அங்கே எந்த குரூப் என்று கேட்பதில்லை, பத்தாவதில் கணிதமும் ஆங்கிலமும் படித்து, பிளஸ் டூ முடித்திருந்தால் போதும்; நாலு வாரப் பாடம், பிறகு தகுதித் தேர்வு. புள்ளியியல் வாரங்கள் சுகமாகப் போயின. நேரியல் இயற்கணிதம் வந்தபோதுதான் மாட்டிக்கொண்டேன். அணி தெரியும், வெக்டர் தெரியாது. சித்தப்பா மகனிடம் பதினொன்றாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தைக் கடன் வாங்கி வந்திருக்கிறேன். எட்டாம் பாடத்தில் அவன் பென்சிலால் போட்ட அம்புக்குறிகள் அப்படியே இருக்கின்றன. மூன்று வாரமாகத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.