ஈர்ப்பாற்றல் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

2015-ல் பதிவான ஈர்ப்பலை, அதாவது காலவெளியில் பரவும் அதிர்வு, ஏறத்தாழ 3 சூரிய நிறைக்கு ஈடான ஆற்றலைக் கொண்டுசென்றது என்று படித்தேன். ஆனால் ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியலில் ஈர்ப்பாற்றல் இந்தப் புள்ளியில் இவ்வளவு என்று சொல்லவே முடியாதாம். இருக்கும் இடம் சொல்ல முடியாத ஒன்று எப்படிப் பயணம் செய்யும்? என் ஆசிரியர் இதைக் கோட்பாட்டின் ஓட்டை என்கிறார். பிரபஞ்சத்தின் மொத்த ஆற்றல் பூஜ்யம் என்பதும் உண்மையா?

க.

அன்புள்ள க.,

கடைசிக் கேள்வியை விட்டுவிடுங்கள். முழுப் பிரபஞ்சத்துக்கும் மொத்த ஆற்றல் இதுதான் என்று எல்லோரும் ஏற்ற வரையறையே கிடையாது. அப்புறம் பூஜ்யம் என்ன, நூறு என்ன?

ஆனால் ‘ஓட்டை’ என்று அவர் சொன்னதை நீங்கள் அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறீர்களே, அது எனக்குக் கோபம். தடையின்றி விழுபவர் தன் எடையை உணர்வதில்லை. 1907-ல் ஐன்ஸ்டைனுக்குத் தோன்றிய இந்த எண்ணத்திலிருந்துதான் கோட்பாடே வளர்ந்தது. எந்தப் புள்ளியிலும் ஈர்ப்புப் புலத்தை இப்படி இல்லாமல் செய்துவிடலாம் என்றால், அந்தப் புள்ளியில் அதன் ஆற்றலை மட்டும் எப்படி நிறுத்திவைப்பது? அடித்தளத்தை ஏற்றுக்கொண்டு, அதிலிருந்து நேராக வரும் விளைவைக் குறை என்பது சோம்பல். ஈர்ப்பாற்றலைக் கணக்கிட ஐன்ஸ்டைன் ஒரு கோவை, அதாவது சூத்திரம், எழுதிப் பார்த்தார். 1918-ல் பாவர் (Bauer) என்பவர், பொருளே இல்லாத வெற்று வெளியில் கோள ஆயங்களுக்கு (ஆயங்கள் என்பவை இடத்தைக் குறிக்கும் எண்கள்) மாறினாலே அந்தக் கோவை ஆற்றல் காட்டுகிறது என்று நிறுவினார்.

உங்கள் கேள்வியை உங்களுக்கு முன் கேட்டவர்கள் யார் தெரியுமா? ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் கணித மேதைகள் ஹில்பர்ட்டும் கிளைனும். ஆற்றல் மாறா விதி இந்தக் கோட்பாட்டில் ஏன் இப்படி வினோதமாக நடந்துகொள்கிறது என்று அவர்கள் திணறினார்கள். பதில் தந்தவர் எம்மி நோதர் என்ற கணிதவியலாளர். பெண் என்பதால் அவருக்குப் பல்கலைக்கழகம் அப்போது கற்பிக்கும் உரிமை தரவில்லை. அவர் நடத்திய வகுப்புகள் ஹில்பர்ட் பெயரில் அறிவிக்கப்பட்டன. 1918 ஜூலையில் அவருடைய கட்டுரையை அறிவியல் சங்கத்தில் முன்வைத்ததும் கிளைன்தான்.

நான் படித்தபோது அந்தக் கட்டுரையின் முதல் தேற்றத்தை மட்டும் நடத்தினார்கள்: இயற்கை விதிகள் காலத்தால் மாறாதவை என்றால் ஆற்றல் மாறாது. பொதுச் சார்பியலில் இது என்ன ஆகும் என்று கேட்டேன். “தேர்வுக்கு வராது, உட்கார்” என்றார் ஆசிரியர். இரண்டாம் தேற்றம் என்று ஒன்று இருப்பதே வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. ஆயங்களைப் புள்ளிக்குப் புள்ளி விருப்பப்படி மாற்றலாம் என்ற அளவுக்குச் சமச்சீர் பெருகினால், வழக்கமான மாறா விதி கிடைக்காது. சமன்பாடுகளுக்கு இடையே முற்றொருமைகள்தான், அதாவது எப்போதும் தானாகவே உண்மையாகும் உறவுகள்தான், கிடைக்கும். இந்த வகைக் கோட்பாட்டின் இயல்பே அது என்று நோதர் நிறுவிவிட்டார். முதல் தேற்றத்தைச் சொல்லிவிட்டு இரண்டாவதை மறைப்பது, அவர் எந்தக் கேள்விக்காக உழைத்தாரோ அதையே தூக்கி எறிவது. நூறாண்டுக்குப் பிறகும் மாணவர்களிடம் ‘ஓட்டை’ என்கிறோம். இது அவருக்கும் அநீதி, உங்களுக்கும் அநீதி.

சரி, அலை. 1957-ல் அமெரிக்காவின் சாப்பல் ஹில் மாநாட்டில் இயற்பியலாளர் ஃபைன்மன் சொன்ன வாதம் போதும்: கோலில் கோத்த மணிகள் ஈர்ப்பலை கடக்கும்போது கோலில் உரசிச் சூடேறும். அலை ஆற்றல் தராமல் சூடு வராது. நீங்கள் சொன்ன 3-ம் இப்படித்தான். ஏறத்தாழ 36, 29 சூரிய நிறையுள்ள இரு கருந்துளைகள் இணைந்து 62 ஆயின. வெகுதொலைவில் நின்று மொத்தத்தை அளந்தால் இந்தக் கழித்தலுக்குத் துல்லியமான பொருள் உண்டு. அப்படி அளக்கும் முறையை 1962-ல் போண்டியும் உடனிருந்தவர்களும் தந்தார்கள். புள்ளி தேவையே இல்லை.

புள்ளிக்கும் முழுமைக்கும் நடுவே ஒரு மூடிய பரப்புக்குள் எவ்வளவு என்று கேட்கலாம். 1982-ல் பென்ரோஸ் ஒரு வரையறை கொடுத்தார். பிறகு வந்தவை பல. சுழலும் கருந்துளைக்கே அவை ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. கேள்வி இன்னும் திறந்திருப்பது அங்கேதான். முதலில் நோதரின் இரண்டாம் தேற்றத்தைப் படியுங்கள், அப்புறம் அதற்குள் போங்கள்.