நாத்தனார் மகளுக்குக் கூலி பேசலாமா?

கேள்வி: நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. நான் மன்னார்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். கணவர் சொந்த டிராக்டர் ஓட்டுகிறார். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் சேற்றுழவு, ராத்திரி வரை வீடு தங்கமாட்டார். மகனுக்கு இரண்டரை வயது. மாமியாருக்கு முட்டிவலி, ஓடுகிற பிள்ளைக்குப் பின்னால் ஓட முடியாது. ஏப்ரல், மே விடுமுறையில் இரண்டு தெரு தள்ளியிருக்கும் நாத்தனாரின் மகள், 16 வயது, காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை 52 நாள் பையனைப் பார்த்துக்கொண்டாள். ஒரு சுடிதார் எடுத்துக் கொடுத்தேன். நாத்தனார் கையில் 2,000 ரூபாய் கொடுத்தேன். அவர் அதைச் சீட்டில் கட்டிவிட்டார்.

ஜூனில் அவளுக்குப் பிளஸ் டூ தொடங்கியது. எனக்கு மதிய ஷிப்ட் என்பதால் பள்ளி விட்டதும் ஐந்திலிருந்து எட்டரை வரை வரச் சொன்னேன், மாதம் 1,500 ரூபாய் என்று அவளிடமே பேசினேன். 22 நாள் வந்தாள். கடைசி நாள் ஷிப்ட் மாற்றிவிட ஆள் வராமல் நான் வீடு சேர ஒன்பதரை ஆகிவிட்டது. ஒன்பது மணிக்குப் பையன் திண்ணையிலிருந்து விழுந்து புருவத்தில் மூன்று தையல். அவள் போன் பார்த்துக்கொண்டிருந்தாளாம். கோபத்தில் எல்லோர் முன்னாலும் திட்டிவிட்டேன். ஆஸ்பத்திரிச் செலவு ஆனதால் 1,500-ஐயும் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து அவள் வருவதில்லை. நாத்தனார், "என் பொண்ணை வேலைக்காரி ஆக்கிட்டே" என்கிறார். மாமியாரோ, "பெரியவ வரலைன்னா சின்னவளை அனுப்பச் சொல்லு" என்கிறார். சின்னவளுக்கு 12 வயது. சொந்தத்துக்குள் கூலி கொடுப்பது முறையா? கொடுக்காமல் விட்டால் சட்டப்படி தப்பா?

பதில்: சகோதரி, அந்த 1,500 ரூபாயை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். மற்றதையெல்லாம் அப்புறம் பேசுவோம்.

இதில் ஏன் இவ்வளவு அவசரம் காட்டுகிறேன் என்றால், 2015-ம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தில் 79-ம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. வேலைக்கு வைத்த குழந்தையின் சம்பாத்தியத்தைக் கொடுக்காமல் நிறுத்தி வைப்பவருக்கும், அதைத் தன் செலவுக்கு எடுத்துக்கொள்பவருக்கும் ஐந்தாண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் அபராதம் என்கிறது அது. அந்தச் சட்டத்துக்கு 18 வயது நிறையாத எல்லோருமே குழந்தைதான். பிள்ளைகளைக் கொத்தடிமையாக வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதிய பிரிவு என்பது படித்தாலே தெரியும். உங்கள் வீட்டுக்குப் போலீஸ் வரப்போகிறது என்று பயமுறுத்தவும் நான் விரும்பவில்லை. ஆனால் "சம்பாத்தியத்தை நிறுத்தி வைத்தல்" என்ற வார்த்தைகள் அங்கே இருக்கின்றன, நீங்கள் செய்திருப்பதும் அதுதான். மருத்துவச் செலவைக் கூலியில் கழித்துக்கொள்ள உங்களுக்கு எந்தச் சட்டமும் உரிமை தரவில்லை.

சரி, 16 வயதுப் பெண்ணைப் பிள்ளை பார்க்க வைத்ததே குற்றமா? இல்லை. 1986-ம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-ல் திருத்தப்பட்ட பிறகு நிலைமை இது: 14 வயது நிறையாதவர்களை எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது. 14 முதல் 18 வரை உள்ளவர்களை, அதாவது வளரிளம் பருவத்தினரை, சுரங்கம், வெடிமருந்து போன்ற ஆபத்தான தொழில்களில் மட்டும் வைக்கக் கூடாது. குழந்தை பார்ப்பது அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் மகன் திண்ணையில் ஓடுகிற வேகத்தைப் பார்த்தால் சேர்த்திருக்கலாம் என்று தோன்றும், அது வேறு.

உங்கள் மாமியார் சொல்லும் சின்னவள் விஷயம்தான் எனக்குக் கவலை தருகிறது. 12 வயது. வீட்டுவேலைக்கு 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வைப்பது 2006 அக்டோபர் 10-லிருந்தே தடை. "சொந்தம்தானே, உதவிக்கு வர்றா" என்பார் மாமியார். சட்டத்தில் அப்படி ஒரு விலக்கு இருப்பதும் உண்மை. பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும் குழந்தை தன் குடும்பத்துக்கு உதவலாம். அந்தக் "குடும்பம்" யார் யார் என்று விளக்கும்போது அம்மா, அப்பா, உடன்பிறந்தவர்களோடு நிறுத்தாமல் அப்பாவின் உடன்பிறப்புகள், அம்மாவின் உடன்பிறப்புகள் என்று எழுதியிருக்கிறார்கள். ஆக, காதுகுத்துக்கு மடி கொடுத்த தாய்மாமனை நாடாளுமன்றமும் விட்டுவிடவில்லை. உங்கள் கணவர் அந்தப் பிள்ளைக்குத் தாய்மாமன், எனவே ஒரு மணி நேரம் மாமன் பிள்ளையோடு விளையாடிவிட்டுப் போனால் யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் மணி குறித்து, நாள் தவறாமல், சம்பளம் பேசி, நீங்கள் ஷிப்டுக்குப் போவதற்காக அவளை நிறுத்தினால் அதை உதவி என்று எந்த அதிகாரியும் ஏற்கமாட்டார். தண்டனை ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பக்கத்து வீட்டிலிருந்து யாராவது குழந்தைகள் உதவி எண் 1098-க்கு ஒரு போன் செய்தால் போதும். சின்னவள் வேண்டவே வேண்டாம்.

இப்போது உங்கள் அசல் கேள்விக்கு வருகிறேன். சொந்தத்துக்குள் கூலி முறையா என்று கேட்கிறீர்கள். நான் கோர்ட்டில் பார்க்கிற பாகப்பிரிவினை வழக்குகளில் பாதி, வரப்பில் தொடங்கியதாகச் சொல்வார்கள். விசாரித்தால் அதற்கு முன்னால் எப்போதோ ஒருவர் மற்றவருக்குச் செய்த வேலை ஒன்று கணக்கில் வராமல் போயிருக்கும். உங்கள் விஷயமும் அந்த ஜாதிதான். அவளைக் கூப்பிடும்போது அது வேலை: எட்டு மணிக்கு வரணும், ஐந்து வரைக்கும் இருக்கணும். பணம் கொடுக்கும்போது அது உதவி: ஒரு சுடிதார், அம்மா கையில் ஏதோ கொஞ்சம். விழுந்து அடிபட்டதும் திரும்ப வேலை ஆகிவிட்டது. ஒரே பெண் மூன்றே மாதத்தில் மூன்று முறை மாற்றப்பட்டிருக்கிறாள். நாத்தனாரின் "வேலைக்காரி" என்ற சொல் பணம் கொடுத்ததால் வந்தது என்று நினைக்கிறீர்களோ? நாலு பேர் முன்னால் திட்டியதால் வந்தது.

சட்டமும் இந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறியே வந்திருக்கிறது. குடும்பத்துக்குள் பேசிக்கொள்வது ஒப்பந்தமா என்ற கேள்விக்கு வக்கீல்கள் எல்லோரும் முதலில் சொல்வது 1919-ல் வந்த பால்ஃபர் வழக்கு. இலங்கையில் பாசனத் துறையில் வேலை பார்த்த இன்ஜினீயர் ஒருவர், உடம்புக்கு முடியாமல் இங்கிலாந்தில் தங்கிவிட்ட மனைவிக்கு மாதம் 30 பவுன் தருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தராமல் போனார். புருஷன் பெண்டாட்டி பேச்சைக் கோர்ட் ஒப்பந்தமாகப் பார்க்காது என்று தீர்ப்பு. நம் நாட்டில் அதற்கு மேல் இன்னொரு சிக்கல், 18 வயது நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று 1903-லேயே, அன்று நமக்கும் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. 1949-ல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் ஒரு சிறுவயது நடிகையின் வழக்கு. அவருக்காக அவர் அப்பா சினிமா தயாரிப்பாளரோடு பேசிய ஒப்பந்தமே செல்லாது என்று ஆகிவிட்டது.

இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் நான் பேசிய 1,500-ம் செல்லாது" என்று கிளம்பாதீர்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 70-ம் பிரிவு எதிரே நிற்கிறது. இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் சட்டப்படி ஒரு காரியம் செய்து, அதன் பலனை நீங்கள் அனுபவித்தால் ஈடு செய்தே ஆகவேண்டும் என்கிறது அது. அதற்கு முன்னால் ஒப்பந்தம் இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. நான் அந்தப் பெண்ணுக்கு வக்கீலாக இருந்தால் அதைத்தான் எடுத்து வைப்பேன். மாதம் இவ்வளவு என்று நீங்களே வாயால் சொன்ன பிறகு, அவள் இலவசமாக வந்தாள் என்று சொல்ல முடியாது.

எவ்வளவு நியாயம்? பென்சிலை எடுங்கள். 52 நாள், நாளைக்கு ஒன்பது மணி நேரம், 468 மணி நேரம். கொடுத்தது 2,000. மணிக்கு 4 ரூபாய் 27 காசு. உங்கள் ஊரில் நடவுக்கு வரும் பெண்ணிடம் இந்தக் கூலியைச் சொல்லிப் பாருங்கள், நாற்றுக்கட்டை உங்கள் தலையில் வைத்துவிட்டுக் கரையேறிவிடுவார். ஜூன் கணக்கு 22 நாள், மூன்றரை மணி, 77 மணி நேரம். 1,500 என்றால் மணிக்கு 19 ரூபாய் சொச்சம். வெளியாள் ஆயா ஒருவர் உங்கள் ஊரில் என்ன கேட்பார் என்று விசாரியுங்கள். மாதம் 26 நாள், எட்டு மணி நேரத்துக்கு 6,000 கேட்டால்கூட, அதே விகிதத்தில் கோடைக் கணக்கு 13,500 ஆகும். வீட்டுவேலைக்கும் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்த மாநிலம் தமிழ்நாடு. அன்றைய தொகை திருவாரூரில் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டால் தெரியும். சொந்தம் என்பதற்காக அதற்குக் கீழே போகாதீர்கள். கோடைப் பாக்கி முழுவதையும் ஒரே நாளில் தரச் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஆனால் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பணம் அவள் கையில் போக வேண்டும். "காசு கொடுத்து எங்களை வேத்தாளாக்கிட்டியே" என்று நாத்தனார் சொல்லக்கூடும். நம் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள், சொல்லிவிட்டு வாங்கிக்கொள்வதும் உண்டு. அதற்கு ஒரு வழி: பத்து வயதைத் தாண்டிய பிள்ளை அஞ்சலகச் சேமிப்புக் கணக்கைத் தானே தொடங்கி நடத்தலாம், 500 ரூபாய் போதும். அவள் பெயரில் போடுங்கள். சீட்டுக்குப் போன 2,000-ஐப் பற்றி மட்டும் வாயே திறக்காதீர்கள்.

விழுந்த விஷயத்தில் உங்களுக்கு வருத்தம் தரும் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எட்டரைக்கு முடிய வேண்டிய பொறுப்பு ஒன்பதரை வரை நீண்டது. பையன் விழுந்தது ஒன்பதுக்கு. பகலெல்லாம் பள்ளி, அதன்பின் நாலு மணி நேரம் பிள்ளை, இதற்குப் பிறகு 16 வயதுப் பெண் போனை எடுத்தாள். அவள் கவனமாக இருந்திருக்க வேண்டும்தான். ஆனால் அந்த நேரத்துக்கு அவள் பொறுப்பேற்கவே இல்லை. குழந்தையின் பாதுகாப்புக்கு முதல் பொறுப்பு பெற்றோருடையது. நேரமாகும் என்று ஒரு போன் செய்து, வீட்டில் இருந்த மாமியாரையாவது திண்ணைப் பக்கம் உட்காரச் சொன்னீர்களா?

குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் வளரிளம் பருவத்தினருக்கு ஒரு நேர வரம்பு உண்டு. தொடர்ந்து மூன்று மணிக்கு மேல் வேலை கூடாது, நடுவில் ஒரு மணி ஓய்வு, இரவு ஏழிலிருந்து காலை எட்டு வரை வேலையே கூடாது, வாரம் ஒரு நாள் விடுமுறை. அது கடை, ஓட்டல், பண்ணை போன்ற இடங்களுக்கு எழுதியது. வீடு அந்தப் பட்டியலில் இல்லை. இருந்தாலும் ஒரு ஓட்டல்காரர் தன்னிடம் வேலை பார்க்கும் பெண்ணை ஏழு மணிக்கு அனுப்பியாக வேண்டும் என்றால், அத்தை ஒன்பதரை வரை வைத்திருக்கலாமா? பிளஸ் டூ வருடத்தில் மாலை நேரத்துக்கு அவளைக் கேட்காதீர்கள். அவளுக்கே விருப்பமிருந்தால் ஞாயிறு காலை இரண்டு மூன்று மணி நேரம், அதுவும் முதலில் அவளிடம் கேளுங்கள், பிறகு அவள் அம்மாவிடம். "முடியாது அத்தை" என்று அவள் சொல்வதற்கு இடம் விட்டுக் கேளுங்கள். வந்தால் பிள்ளையை மட்டும் பார்க்கட்டும். "வந்ததுதான் வந்தே, அந்த ரெண்டு பாத்திரத்தையும் அலசிடு" என்று மாமியார் தொடங்கினால் அங்கேயே நிறுத்துவது உங்கள் வேலை. சாப்பாட்டு நேரமென்றால் வீட்டுப் பிள்ளைகளுக்குப் போடும் அதே பந்தியில் போடுங்கள்.

மாலை ஷிப்டுக்கு என்ன செய்வது என்பீர்கள். உங்கள் கடிதத்தில் நீங்களே கவனிக்காத ஒருவர் இருக்கிறார், உங்கள் முதலாளி. மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-ல் திருத்தமாக வந்து, 2025 நவம்பரிலிருந்து சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்கு மாறிவிட்ட விதிப்படி, 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி தர வேண்டும், தாய் நாளைக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்துவர அனுமதிக்க வேண்டும். பெண்கள் மட்டும் 50 பேர் என்பதில்லை, மொத்த ஊழியர்கள் 50. ஆயா, வாட்ச்மேன், பில் கவுன்டர் எல்லோரையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை வந்தால் உங்களைப் போலச் சிறு பிள்ளை வைத்திருக்கும் நர்ஸ்கள் நாலு பேராகச் சேர்ந்து நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதில் இல்லையென்றால் தொழிலாளர் துறைக்குப் போகலாம். அதுவரை மாலைக்கு வயது வந்த ஒரு ஆயாவுக்கு முழுக் கூலி கொடுப்பதுதான் வழி. உங்கள் சம்பளத்தில் அது கடிக்கும், தெரிகிறது.

நாத்தனார் வீட்டுக்கு எப்போது போவதென்று பார்த்துப் போங்கள். திட்டியபோது யார் யார் இருந்தார்களோ அவர்கள் இருக்கும் நேரமாகப் போய், நேரம் கடந்து வந்தது என் தப்பு, திட்டியதும் என் தப்பு என்று அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள். 1,500-ஐ ஒரு கவரில் போட்டு, அதிகமாக நின்ற ஒரு மணி நேரத்துக்கும் சேர்த்து, அவள் கையிலேயே கொடுங்கள். ரசீது, கையெழுத்து ஒன்றும் வாங்க வேண்டாம். சிறுமியின் கையெழுத்தை வைத்துக்கொண்டு நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது, கேட்டதற்காக நாத்தனார் இன்னும் இரண்டு வருடம் பேசமாட்டார்.