கை, கால் எப்போதும் சில்லென்று இருப்பது ஏன்? இதனால் ஆபத்து உண்டா?

எனக்கும் இதே கதைதான். மதுரை சித்திரை வெயிலில் ஊரே வெந்துகொண்டிருக்கும், என் கை மட்டும் பானைத் தண்ணீர் மாதிரி இருக்கும். தூங்குகிற பிள்ளையைத் தொட்டால் திடுக்கிட்டு எழுந்துவிடுவான். 'உடம்பு வாகு' என்று பல வருஷம் ஓட்டினேன்.

மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் ரத்தம் பார்த்தேன். ஹீமோகுளோபின் 8.4. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். டாக்டர் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "சாப்பிட்டதும் டீ குடிப்பீங்களா?" என்றார். குடிப்பேன், அதுவும் டம்ளர் நிறைய. கீரையிலும் பருப்பிலும் இருக்கிற இரும்புச்சத்து உடம்பில் சேரவிடாமல் டீ கெடுத்துவிடுமாம். டீயை இரண்டு மணி நேரம் தள்ளிவைத்து, இரும்புச்சத்து மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு விழுங்கினேன். நாலு மாதத்தில் 11.8. சில்லிப்பு முழுசாகப் போகவில்லை, ஆனால் பிள்ளை இப்போது எழுவதில்லை.

ஏசியில் இரண்டு கையும் சில்லிட்டு, வெளியே வந்ததும் சரியாகிவிட்டால் விட்டுவிடுங்கள். உள்ளுறுப்புகளின் சூட்டைக் காப்பாற்ற உடம்பு விரல்நுனி ரத்தக்குழாய்களைச் சுருக்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். கூடவே எடை ஏறுவது, மலச்சிக்கல், தோல் வறட்சி என்று இருந்தால் தைராய்டு பாருங்கள். அட்டெனலால் போன்ற பிரஷர் மாத்திரையாலும் வரும். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். குளிர்பட்டதும் விரல் வெள்ளையாகி, நீலமாகி, அப்புறம் சிவந்தால் அதற்கு ரேனாட் என்று பெயர். சிலருக்கு அதன் பின்னால் மூட்டு, தோல் சம்பந்தமான நோய் ஒளிந்திருக்கும்.

நான் பயப்படுவது ஒரு பக்கம் மட்டும் சில்லிடுவதற்குத்தான். எங்கள் மாமனார் நாற்பது வருஷமாக பீடி பிடித்தவர். கடைத்தெரு வரை நடப்பதற்குள் இடது கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், நின்றால் விட்டுவிடும். வாயு என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தோம். டாக்டர் பாதத்தின் மேல் விரல் வைத்து நாடி தேடினார். வலது காலில் துடித்தது, இடது காலில் இல்லை. ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனில் ரத்தக்குழாய் அடைப்பு.

இதுவே திடீரென்று ஒரு கால் சில்லிட்டு, வெளுத்து, வலியோடு மரத்துப்போனால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சில மணி நேரம் தாமதித்தால் காலே போய்விடும்.

இன்னொன்று, சர்க்கரை உள்ளவர்கள் சில்லிப்புக்கு வெந்நீர்ப் பை வைக்காதீர்கள். மரத்த கால் கொப்பளித்தாலும் தெரியாது. பருத்திக் காலுறை போதும்.

மாமனார் இப்போது தேவலை. பீடிக் கட்டு இருந்த சட்டைப்பையில் சீரக மிட்டாய் வைத்திருக்கிறார்.