பெங்களூரில் தமிழ்க் குழந்தைகளுக்குப் புத்தகம் எழுதினால் அதை யார் வாசிப்பார்கள்?

கேள்வி இதுதான்: "எனக்கு 22 வயது, பெங்களூரில் வேலை. தமிழில் சின்னக் குழந்தைகளுக்கு ஒரு படப் புத்தகம் எழுத ஆசை. இளம் வயதில் எழுதியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். வயது ஒரு தடையா? இந்த ஊரில் அதை யார் வாசிப்பார்கள்?"

வயதை முதலில் முடித்துவிடுகிறேன். தடையே இல்லை. என் முதல் புத்தகம் வந்தபோது எனக்கும் ஏறக்குறைய உங்கள் வயதுதான். பதிப்பகத்தில் யாரும் வயதைக் கேட்கவில்லை, பான் நம்பர்தான் கேட்டார்கள். "ஒரு குழந்தை பிறந்தப்புறம் எழுதினா இன்னும் நல்லா வருமே" என்று சொன்னதெல்லாம் சொந்தக்காரர்கள். அவர்கள் எதைப் பேச ஆரம்பித்தாலும் அங்கேதான் வந்து நிற்பார்கள், விடுங்கள்.

யார் வாசிப்பார்கள் என்று கேட்டீர்கள் பாருங்கள், விஷயமே அதில்தான் இருக்கிறது. அல்சூர், மர்பி டவுன், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் என்று தமிழ் பேசும் வீடுகளுக்கு இந்த ஊரில் குறைவில்லை. ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் பள்ளியில் படிப்பது ஆங்கிலமும் கன்னடமும், அப்புறம் இந்தி. தமிழ் கேட்டால் புரியும், சண்டை போடக்கூட வரும், எழுத்தாகப் பார்த்தால் முழிப்பார்கள். ஆகவே நீங்கள் எழுதும் புத்தகத்தை ஐந்து வயதுக் குழந்தை தானாக எடுத்து வாசிக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். யாராவது வாசித்துக் காட்டுவார்கள், குழந்தை மடியில் உட்கார்ந்து படம் பார்க்கும். அந்த யாராவதும் பல வீடுகளில் தமிழ் மீடியத்தில் படித்தவராக இருக்கமாட்டார். அவருக்காகத்தான் எழுத வேண்டும் என்பது என் கட்சி. மற்ற எல்லாமே, வரி நீளம், எழுத்து அளவு, எவ்வளவு படம் எவ்வளவு வார்த்தை என்பதெல்லாம், இந்த ஒன்றிலிருந்துதான் எனக்குக் கிளைத்தது.

இது எனக்குப் புரிந்தது எங்கள் கீழ் வீட்டு அக்காவால். அவர் படித்தது அரசுப் பள்ளியில், கன்னட மீடியம். தமிழ் எழுத்தைச் சினிமா போஸ்டரிலும் வாரப் பத்திரிகையிலும் பார்த்துப் பார்த்துத் தானாகக் கற்றுக்கொண்டவர். அவருடைய பெண் அப்போது யூகேஜி. கதையை ஒரு நோட்டில் பெரிய எழுத்தில் எழுதி, "உங்க பொண்ணுக்கு வாசிச்சுக் காட்டுங்கக்கா" என்று கொடுத்துவிட்டு நான் ஓரமாக உட்கார்ந்துகொண்டேன். முதல் பக்கத்திலேயே 'அசைந்தாடிக்கொண்டிருந்தன' என்று ஒரு சொல். அக்கா "அசைந்... தா... டிக்" வரை வந்தார், நிறுத்தினார், மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். அதற்குள் பெண் பக்கத்தைப் புரட்டிவிட்டாள். அக்கா என்னைப் பார்த்து, "இவ்ளோ பெருசா எதுக்கு பா எழுதற? நான் மூச்சு விட வேணாமா?" என்றார். எந்த எடிட்டரும் இவ்வளவு சுருக்கமாக எனக்குச் சொன்னதில்லை.

அப்புறம் இன்னொன்றையும் கவனித்தேன். கன்னடத்தில் 'கல்'லில் வரும் க ஓசைக்கும் 'தங்க'த்தில் வரும் க ஓசைக்கும் தனித்தனி எழுத்து உண்டு. கன்னட எழுத்தில் பழகிய கண், தமிழில் புதுச் சொல் ஒன்றைப் பார்த்தால் எந்த ஓசையில் படிப்பது என்று ஒரு நொடி தயங்கும். தெரிந்த சொல் என்றால் தயக்கமே இல்லை. அதனால் வீட்டில் புழங்கும் சொற்களையே போட்டேன். புதுச் சொல் வேண்டும் என்றால் ஒரு பக்கத்துக்கு ஒன்று, அதுவும் பக்கத்திலேயே படம் இருக்கிற சொல். எழுத்துத் தமிழா பேச்சுத் தமிழா என்ற பழைய சண்டை வேறு இருக்கிறது. கதை சொல்லும் வரிகளை எளிய எழுத்துத் தமிழில் வைத்தேன், பாத்திரங்கள் பேசுவதைப் பேச்சாகவே விட்டேன். தூய தமிழ் இல்லை என்று சிலர் முகம் சுளித்தார்கள். மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு வாசிக்கிறவர் யாரும் சுளிக்கவில்லை.

கதை என்னவென்று சொன்னால்தான் மீதி விளங்கும். அல்சூர் சோமேஸ்வரர் கோவில் பக்கம் பூ வாங்கியிருந்தால் தெரியும், பூவை முழம் போட்டுத்தான் தருவார்கள், முழங்கையிலிருந்து விரல் நுனி வரை. என் கதையில் ஒரு பூக்காரப் பாட்டி. பேத்தியைக் கடையில் உட்கார வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறாள். பேத்தியின் கை குட்டி, அவள் போடும் முழமும் குட்டி. வாங்க வந்தவர்கள் சண்டைக்கு வருகிறார்கள். அவள் யோசித்துவிட்டு, "உங்க கைய நீட்டுங்க" என்று வாங்குகிறவர் கையிலேயே அளந்து கொடுக்க ஆரம்பிக்கிறாள். அவரவர் கைக்கு அவரவர் முழம், யாரும் குறை சொல்ல முடியாது. எல்லாம் நன்றாகப் போகிறது, நெட்டையான ஒரு டிராபிக் போலீஸ்காரர் வந்து கையை நீட்டும் வரை. அந்த நேரம் பார்த்துப் பாட்டி திரும்பி வருகிறாள்.

இதில் ஒரு வாடிக்கையாளர், "ஒந்து மொள கொடி அஜ்ஜி" என்று கன்னடத்தில் கேட்பார். கைப்பிரதியைப் பார்த்த ஒருவர் அதைத் தமிழாக்கிவிடலாம், இல்லையென்றால் கீழே குறிப்புப் போடலாம் என்றார். வேண்டாம் என்று நின்றேன். இந்த ஊர்க் குழந்தைக்கு அதற்குக் குறிப்பு எதற்கு? தெருவில் தினமும் கேட்கிறதுதானே. திருச்சியில் இருக்கிற குழந்தை வாசித்தாலும், கையில் பூவைப் பிடித்துக்கொண்டிருக்கும் பாட்டியின் படம் போதும்.

படம் வரைந்தவர் பனசங்கரியில் இருக்கும் கன்னடப் பெண். தமிழ் புரியும், வாசிக்க வராது. அது பெரிய வசதியாகப் போயிற்று, ஏனென்றால் கதையை நான் வாய்விட்டுச் சொல்லித்தான் ஆக வேண்டும், நான் எதைச் சொல்ல மறந்தேனோ அது கதைக்குத் தேவையில்லாததாக இருந்தது. என் கைப்பிரதியில் இப்படி ஒரு வரி: "பனி இன்னும் விலகாத அந்தத் தெருவோரத்தில் பாட்டி தன் பழைய மூங்கில் கூடையை இடுப்பிலிருந்து மெல்ல இறக்கி வைத்தாள்." அவர் வரைந்து அனுப்பிய பக்கத்தில் பனி இருக்கிறது, தெருவோரம் இருக்கிறது, கூடை இருக்கிறது, கூடையின் விளிம்பில் பிய்ந்துபோன மூங்கிலைத் துணி சுற்றிக் கட்டியிருப்பதுகூட இருக்கிறது. இதற்கப்புறம் நான் என்னத்தைச் சொல்ல? அச்சில் வந்தது, "பாட்டி கூடையை இறக்கினாள். தொப்!" அவ்வளவுதான். கடைசிக்கு முந்தின பக்கத்தில் போலீஸ்காரர் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார், பூச்சரம் போய்க்கொண்டே இருக்கிறது, ஓரத்தில் டீ கிளாஸுடன் பாட்டி. அங்கே, "பாட்டி பார்த்தாள்" என்ற ஒரே வரி. அந்த இடத்தில் வாசிக்கிறவர் தன் இஷ்டத்துக்குக் குரலை மாற்றிக்கொள்ளலாம், குழந்தை படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "பாட்டி திட்டுவாளா?" என்று கேட்கலாம். வார்த்தையை நிரப்பி வைத்திருந்தால் இரண்டுக்கும் இடமில்லை. வெட்டும்போது வலிக்கும், பொய் சொல்லமாட்டேன். எனக்குப் பிடித்த வரிகள் ஒன்றுகூடப் புத்தகத்தில் இல்லை.

எழுத உட்காரும் முன் டம்மி, அதாவது வெற்றுத் தாளில் ஒரு மாதிரிப் புத்தகம், மடித்துவிடுங்கள். நான்கு ஏ4 தாளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நடுவில் மடித்து ஸ்டேப்ளர் பின் அடித்தால் 16 பக்கம். நடுவில் பின் அடிக்கும் படப் புத்தகத்தின் பக்கங்கள் நான்கின் மடங்கில்தான் வரும், 16, 24, 32 என்று. உங்கள் கதைக்கு 19 பக்கம் வேண்டும் என்றால் யாரும் தரமாட்டார்கள். தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம் எல்லாம் போக 16-இல் கதைக்கு மிஞ்சுவது 13, 14 பக்கம்தான். எது எந்தப் பக்கம் என்பதைவிட எதற்கு அப்புறம் பக்கம் புரள்கிறது என்பது முக்கியம். "அப்போது ஒருவர் வந்தார்" என்பது வலப்பக்கக் கடைசி வரியாக இருந்தால் புரட்டியதும் போலீஸ்காரர் நிற்பார். இடப்பக்கத்தில் இருந்தால் எதிரிலேயே அவர் தெரிந்துவிடுவார், சுவாரசியம் போச்சு. இரண்டு பக்கம் சேர்த்து வரையும் படத்தில் முகம் நடு மடிப்பில் விழக்கூடாது, அதை ஓவியர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அச்சடித்தது சாமராஜ்பேட்டையில் ஓர் அச்சகம். நான் உள்ளூர் என்பதால் புரூஃப் பார்க்க என்னையே போகச் சொன்னார்கள். அங்கே டிடிபி செய்தவருக்குக் கன்னடம் மட்டும்தான் வாசிக்க வரும். பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் இந்திய மொழிகளுக்கு வேர்ல்ட் ரெடி கம்போசர் என்ற ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அது இல்லையென்றால் தமிழ் எழுத்துகள் கலைந்துவிடும். முதல் புரூஃபில் 'கொடு' என்பதில் கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய்த் தொங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு அது தப்பு என்று தெரிய வழியே இல்லை, பாவம், அவருக்கு எல்லாம் ஒரே சுழியாகத்தான் தெரிந்திருக்கும். பெங்களூரில் தமிழ்ப் புத்தகம் அடித்தால் ஒவ்வொரு எழுத்தையும் நீங்களே பாருங்கள். நீளச் சொல்லை மென்பொருள் தன்னிஷ்டத்துக்கு உடைத்து அடுத்த வரிக்குத் தள்ளுவதையும் நிறுத்தச் சொல்லுங்கள், எங்கள் அக்கா மாதிரி வாசகருக்கு அது கொடுமை. வரியை மூச்சு விடும் இடத்தில் நீங்களே உடைத்துக் கொடுங்கள். எழுத்து 18 பாயிண்டுக்குக் கீழே போகவிடவில்லை நான்.

நிறம் இன்னொரு தலைவலி. கனகாம்பரம் திரையில் தகதக என்று இருந்தது. காகிதத்தில் காய்ந்த ஆரஞ்சுத் தோல் மாதிரி வந்தது. திரை காட்டும் பளிச்சென்ற ஆரஞ்சை அச்சின் நான்கு மையால் அப்படியே கொண்டுவர முடியாது, அதுவும் மேப்லித்தோ தாளில் மை உள்ளே இறங்கி இன்னும் மங்கும். ஓவியர் பின்னணியை நீலமாக்கிப் பார்த்தார், பூ சட்டென்று எடுப்பாகிவிட்டது. தாளையும் ஆர்ட் பேப்பருக்கு மாற்றினோம், விலை கொஞ்சம் ஏறியது.

எங்கே வெளியிடுவது என்றால், நேராகப் பதிப்பகத்துக்குப் போகும் முன் ஸ்டோரிவீவர் என்ற குழந்தைக் கதை இணையதளத்தைப் பாருங்கள். நம் ஊர்ப் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கியது, இலவசம், தமிழிலும் கதைகள் இருக்கின்றன. அங்கே இருக்கும் படங்களை வைத்து நீங்களே ஒரு புத்தகம் செய்து பார்க்கலாம். வாசிப்பு நிலைகளை நான்காகப் பிரித்திருப்பார்கள். முதல் நிலைக் கதைகளில் எவ்வளவு குறைந்த சொற்களில் வேலையை முடிக்கிறார்கள் என்று பார்ப்பதே நல்ல பாடம். அங்கே போடுவது கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் போகும், யார் வேண்டுமானாலும் எடுத்து மொழிபெயர்க்கலாம், அது உங்களுக்குச் சம்மதமா என்று முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள். சொந்தமாக அடிக்கிறீர்கள் என்றால் புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்கு யாருக்கும் காசு கொடுக்காதீர்கள், ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இணையத்தில் விண்ணப்பித்தால் இலவசமாகவே தருகிறது. வாசித்துக் காட்டிப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் அல்சூர் ஏரிக்கரையில் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, அங்கே நூலகத்துக்கு வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், பேரன் பேத்தி உள்ளவர்கள் கட்டாயம் மாட்டுவார்கள்.

பணம் என்று பார்த்தால், ராயல்டியை ஓவியரும் நானும் பாதிப் பாதி பிரித்துக்கொண்டோம். வந்ததில் கனகாம்பரம் வாங்கலாம், அதுவும் வரலட்சுமி நோன்புக்கு முந்தின நாள் விலையில் முடியாது. வேலையை விட்டுவிடாதீர்கள்.

ஒப்பந்தத்தை மட்டும் அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். சின்ன வயது என்றால் புத்தகம் வருகிற சந்தோஷத்தில் எதையும் படிக்கமாட்டோம் என்று பதிப்பகத்தாருக்குத் தெரியும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை எவ்வளவு காலத்துக்குக் கொடுக்கிறோம் என்று ஒப்பந்தத்தில் எழுதவில்லையென்றால் 5 ஆண்டு என்றுதான் கொள்ளப்படும், எந்த நாட்டுக்கு என்று எழுதவில்லையென்றால் இந்தியாவுக்கு மட்டும். ஆகவே எழுதாமல் விட்டது பெரிய ஆபத்தில்லை, எழுதியிருப்பதைத்தான் பார்க்க வேண்டும். எனக்கு வந்த பிரதியில் எல்லா மொழிக்கும், எல்லா வடிவத்துக்கும், காலவரையின்றி என்று ஒரு வரி இருந்தது. கன்னடத்தில் கொண்டுவரும் உரிமை எங்கள் இருவரிடமும் இருக்கட்டும், மீதிக்கு ஒரு கால அளவு போடுங்கள் என்று அந்த வரியை அடித்துத் திருப்பி அனுப்பினேன். மறு வாரம் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள்.