பட்டறைப் பதில்கள்: இந்த முறை செயின், ஸ்பிராக்கெட்

ஜூனில் சாரல் கட்டியதும் செங்கோட்டையில் என் பட்டறைக்கு வரும் வண்டிகளில் பாதிக்கு ஒரே புகார்: செயின் சத்தம். தென்காசி டி.என். 76-உம் வரும், புனலூர் கே.எல். 25-உம் வரும், சத்தம் மட்டும் ஒன்றுதான். இந்த மாதக் கடிதங்களிலும் அதுதான் அதிகம். கார்புரேட்டர், பேட்டரி கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணாச்சி, புளியரையிலிருந்து ஆரியங்காவு தாண்டி பால் கேன் ஏற்றிப் போகிறேன். 100 சிசி வண்டி. எஸ் வளைவு மேட்டில் செயின் ‘கடக் கடக்’ என்று பல்லைத் தாண்டுகிறது. மெக்கானிக் செட்டாக மாற்றச் சொல்கிறார், கடைக்காரர் செயின் மட்டும் போதும் என்கிறார். யார் சொல்வது சரி? எதை வாங்குவது? — பால் வியாபாரி, புளியரை

மெக்கானிக் சொல்வதுதான் சரி. பல்லைத் தாண்டுகிற நிலைக்கு வந்துவிட்டால் செயினோடு ஸ்பிராக்கெட்டும், அதாவது பல்சக்கரமும், போயிருக்கும். செயின், முன் ஸ்பிராக்கெட், பின் ஸ்பிராக்கெட் மூன்றும் சேர்ந்ததுதான் செட்.

செயின் நீண்டுவிட்டது என்று நாம் எல்லாரும் சொல்கிறோம். உண்மையில் தகடு இழுபட்டு நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பின் (சின்ன அச்சு), அதைச் சுற்றி ஒரு புஷ் (குழல்), அதன்மேல் உருளும் ரோலர். மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் 1880-இல் கண்டுபிடித்த அமைப்பு இது. உங்கள் வண்டியில் இருப்பதும் அடிப்படையில் அதேதான். பின்னும் புஷ்ஷும் ஒன்றோடு ஒன்று உரசித் தேயும்போது ஒவ்வொரு மூட்டிலும் மயிரிழை அளவு இடைவெளி விழுகிறது. எல்லா மூட்டும் சேர்ந்தால் செயின் தொங்குகிறது. மழைத் தண்ணீரும் மணலும் உள்ளே போனால் அந்தத் தேய்மானம் இன்னும் வேகமாக நடக்கும். நம் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை மலையடிவாரம் காய்வதே இல்லை, அதனால்தான் இந்தச் சமயத்தில் இத்தனை செயின் போகிறது.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். பின்சக்கரத்தின் பெரிய ஸ்பிராக்கெட்டில் செயின் சுற்றி வரும் கடைசிப் பக்கத்தில், விரலால் செயினைப் பின்னோக்கி இழுங்கள். செயின் கவர் மூடியிருந்தால் அதைக் கழற்ற வேண்டும். பல்லில் பாதி உயரம் வெளியே தெரிந்தால் செயின் முடிந்தது. சரியாக அளக்க வேண்டுமானால் ஸ்கேல் வையுங்கள். 100, 125 சிசி வண்டிகளில் பெரும்பாலும் 428 செயின்தான் வரும். அதில் ஒரு பின்னின் நடுவிலிருந்து அடுத்த பின்னின் நடுவுக்கு 12.7 மில்லிமீட்டர், அதாவது அரை அங்குலம். செயினை இறுக்கிப் பிடித்து 21 பின் எண்ணினால் நடுவில் 20 இடைவெளி. புதிதில் அது 254 மில்லிமீட்டர் இருக்கும். 259-ஐத் தொட்டுவிட்டால் நான் மேற்கொண்டு பேச மாட்டேன், மாற்றிவிடுவேன். ஒரே இடத்தில் அளந்து முடிவு செய்யாதீர்கள். சக்கரத்தைச் சுற்றி மூன்று நான்கு இடத்தில் பாருங்கள், எல்லா இடமும் ஒன்றுபோலத் தேய்ந்திருக்காது.

இப்போது செயின் மட்டும் மாற்றினால் என்ன ஆகும்? பழைய செயின் நீண்டபோது பல்லும் அதற்கு ஏற்றாற்போலத் தேய்ந்து ஒரு பக்கம் கொக்கிபோல வளைந்திருக்கும். அதன்மேல் சரியான அளவுள்ள புதுச் செயினை வைத்தால் ரோலர் பள்ளத்தில் பொருந்தி உட்காராது. பல பற்கள் பகிர்ந்துகொள்ள வேண்டிய சுமையை ஒன்றிரண்டு பல் தாங்கும். புதுச் செயின் சீக்கிரமே பழசாகிவிடும். சின்ன ஸ்பிராக்கெட்டைக் கட்டாயம் கழற்றிப் பாருங்கள். முன்னால் 14 பல், பின்னால் 42 பல் என்றால், பின்பல் ஒருமுறை வேலை செய்யும்போது முன்பல் மூன்று முறை செய்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் கவருக்குள் இருப்பதால் அதை யாரும் பார்ப்பதில்லை. கடைக்காரர் ‘செயின் மட்டும் போதும்’ என்பது உங்களை மறுபடி கடைக்கு வரவைக்கும் பேச்சு, அவர் அறிந்து சொன்னாலும் அறியாமல் சொன்னாலும்.

எதை வாங்குவது? முதலில் எண். 428 என்பதில் முதல் இலக்கம் பின்னுக்குப் பின் உள்ள நீளத்தைச் சொல்கிறது, அங்குலத்தில் எட்டில் நாலு பங்கு. பின்னால் வரும் 28 அகலத்துக்கு. 520, 525, 530 எல்லாம் அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்கு, 15.875 மில்லிமீட்டர்; அவை பெரிய வண்டிகளுக்கு. 428-இன் பின்னால் ‘எச்’ என்று போட்டிருந்தால் பக்கத் தகடு கனமானது. பால் கேனோடு மேடு ஏறுகிற உங்களுக்கு எச் வாங்கினால் நல்லது. அடுத்து, செட்டில் முன்பல் எத்தனை, பின்பல் எத்தனை, செயினில் கண்ணி எத்தனை என்று பெட்டியில் பாருங்கள். வண்டியின் மாடலும் வருடமும் சொல்லாமல் வாங்காதீர்கள். ஒரே பேரில் வரும் வண்டிக்குக்கூட வருடத்துக்கு வருடம் பல் எண்ணிக்கை மாறும்.

பிராண்டைப் பொறுத்தவரை நமக்குக் குறையில்லை. கோயம்புத்தூர் எல்.ஜி.பி.யின் ரோலான், சென்னை டி.ஐ.யின் டைமண்ட் இரண்டும் நம் மாநிலச் சரக்கு, இரண்டையும் நம்பி மாட்டலாம். வண்டிக் கம்பெனியின் பெட்டியில் வரும் செட்டும் நல்லதுதான், விலைதான் கொஞ்சம் கூட. எதுவானாலும் செயின் தகட்டில் தயாரித்தவர் பெயரோ குறியோ, எண்ணோடு அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியில் மட்டும் பெயர் பளபளத்து, தகடு மொட்டையாக இருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

மாட்டும்போது பின்சக்கர ஹப்புக்குள் இருக்கும் ரப்பரையும் பார்க்கச் சொல்லுங்கள். அது நசுங்கிப் போயிருந்தால் ஒவ்வொரு முறை ஆக்சிலேட்டர் கொடுக்கும்போதும் புதுச் செயின் வெட்டி வெட்டி இழுபடும். செயின் லூஸை, அதாவது செயின் மேலும் கீழும் ஆடும் அளவை, மெக்கானிக் கைப்பழக்கத்தில் வைக்க விடாதீர்கள். வண்டிப் புத்தகத்தில் அளவு இருக்கும்; சின்ன வண்டிகளுக்குப் பெரும்பாலும் 25 மில்லிமீட்டர் சுற்று வட்டாரம். செயின் எந்த இடத்தில் அதிகம் இறுகுகிறதோ அந்த இடத்தில் அளக்க வேண்டும். கேன் ஏற்றி வண்டி அமுங்கும்போது செயின் இன்னும் இறுகும், ஆகவே கம்பிபோல விறைப்பாக வைத்தால் கியர் பெட்டியின் பேரிங்தான் முதலில் கத்தும். இரண்டு பக்க அட்ஜஸ்டர் கோடும் ஒன்றாக நிற்கட்டும். முதல் 500 கிலோமீட்டரில் புதுசு கொஞ்சம் தளரும், அப்போது ஒருமுறை திருகிவிட்டால் அப்புறம் தொல்லை இல்லை.

புதுச் செயின் பிசுபிசுவென்று கிரீஸோடு வந்திருக்கிறது. மாட்டுவதற்கு முன் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக் கழுவ வேண்டும் என்கிறான் நண்பன். செய்யலாமா? — வாசகர், பண்பொழி

வேண்டவே வேண்டாம். அந்த கிரீஸ் துருப்பிடிக்காமல் இருக்கத் தடவிய மேல்பூச்சு மட்டும் அல்ல. தொழிற்சாலையிலேயே பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் இறங்குமாறு ஏற்றியது. நாம் பட்டறையில் பிரஷ்ஷால் எவ்வளவு தடவினாலும் அவ்வளவு ஆழம் போகாது. ஊறப்போட்டால் அதை நீங்களே காசு கொடுத்து வெளியேற்றுகிறீர்கள். வெளித்தகட்டில் அதிகமாக ஒட்டியிருப்பதை, மணல் பிடிக்காமலிருக்க, உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். ஸ்பிராக்கெட்டில் துருத்தடுப்பு எண்ணெய் பூசி வந்தால் அதையும் துணியால் துடைத்துவிட்டு மாட்டலாம். நண்பனிடம் சொல்லுங்கள், ஊறப்போட வேண்டியது பழைய செயினை.

எஸ்டேட்டில் வேலை. ரப்பர் பால் கேன் தளும்பி செயினில் வழிந்து காய்ந்துவிடுகிறது, அதில் செம்மண் வேறு ஒட்டிக்கொள்கிறது. என் வண்டி சாதாரணச் செயின், மகன் வண்டி ஓ-ரிங் செயின். எப்படிச் சுத்தம் செய்வது? வாட்டர் சர்வீஸ் போதாதா? — வாசகர், கழுதுருட்டி

அண்ணே, உங்கள் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் நீட்டலாம். வாட்டர் சர்வீஸ் போதாது என்பது மட்டுமல்ல, கெடுதலும்கூட. பிரஷர் பைப்பைச் செயினுக்கு நேராகப் பிடித்தால் மண் வெளியே வருவதைவிட உள்ளே போவதுதான் அதிகம். கழுவித்தான் ஆகவேண்டும் என்றால் செயினை விட்டுவிட்டு மற்றதைக் கழுவச் சொல்லுங்கள்.

காய்ந்த ரப்பர் பாலை முதலில் கையாலேயே உரித்து எடுங்கள், பாதி அப்படியே தோலாக வந்துவிடும். மீதிக்கு மண்ணெண்ணெய். மரத்து ரப்பர் மண்ணெண்ணெய் பட்டால் உப்பி இளகும், கொஞ்ச நேரம் விட்டுத் தேய்த்தால் உருண்டு உருண்டு வரும். பழைய டூத் பிரஷ், ஒரு தட்டு, பழைய பனியன் துணி, இவ்வளவு போதும். செயினின் உள்பக்கம், அதாவது பல்லில் உட்காரும் பக்கம், அங்கேதான் அழுக்கு அதிகம். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில், சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுற்றித் தேயுங்கள்.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். வண்டியை ஸ்டார்ட் செய்து முதல் கியரில் போட்டு, சக்கரம் தானாகச் சுற்ற, துணியைச் செயினில் பிடிக்கிற வழக்கம் ஒன்று உண்டு. பட்டறைப் பையன்கள்கூடச் செய்கிறார்கள். துணியைப் பல் இழுக்கும், துணியோடு விரலும் போகும். விரல் நுனி இல்லாமல் இந்தத் தொழிலில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேர் செயினைச் சொல்கிறார்கள் என்று. இன்ஜின் அணைத்திருக்க வேண்டும். சாவியும் உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும்.

உங்கள் மகன் வண்டிக்கு வருவோம். ஓ-ரிங் செயினில் தகடுகளுக்கு நடுவே சின்ன ரப்பர் வளையம் இருக்கிறது. உள்ளே இருக்கும் கிரீஸ் வெளியேறாமல், தண்ணீர் உள்ளே போகாமல் அது அடைத்துப் பிடிக்கிறது. அந்த வளையம் மரத்து ரப்பர் அல்ல, எண்ணெய் தாங்கும் நைட்ரைல் வகை. ஆகவே மண்ணெண்ணெய்க்குப் பயப்பட வேண்டாம், துடைத்துக் காயவிட்டால் சரி. பெட்ரோல், தின்னர், கம்பி பிரஷ் மூன்றும் ஆகாது. வளையம் ஒன்று கிழிந்தால் அந்த மூட்டு மட்டும் முதலில் இறுகிவிடும். செயின் ஓர் இடத்தில் மடங்காமல் விறைத்து நின்றால் சந்தேகப்படுங்கள்.

சுத்தம் செய்து காய்ந்த பிறகு 90 ஆயில், அதாவது கியர் ஆயில், விடுங்கள். இரண்டு வகைக்கும் அது போதும். ஸ்பிரே வாங்கினால் ஓ-ரிங்குக்கு ஏற்றது என்று டப்பாவில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வண்டி ஓடி வந்து செயின் சூடாக இருக்கும்போது, உள்பக்கத்தில், சொட்டுச் சொட்டாக விட்டு ஒரு மணி நேரமாவது நிற்கட்டும். பிறகு மேலே வழிவதைத் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் விடுவது செம்மண்ணுக்குப் பசை தடவி வைப்பது. இன்ஜினிலிருந்து இறக்கிய கறுப்பு ஆயிலை விடுகிறவர்கள் உண்டு. அதில் ஏற்கெனவே இரும்புத் துகளும் கரியும் இருக்கிறது, அதைத் தேய்கிற இடத்தில் ஊற்றுவானேன்? மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை ஆயில் விட்டால் நல்லது, நனைந்து வந்த நாளில் இரவே விட்டால் இன்னும் நல்லது.

செங்கோட்டையிலிருந்து மேக்கரை வழியாக அச்சன்கோவில் போகும்போது இருவர் உட்கார்ந்தால் வண்டி முக்குகிறது. முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் குறைத்தால் இழுக்கும் என்கிறார்களே? — கல்லூரி மாணவர், தென்காசி

இழுக்கும். முன்னால் 14, பின்னால் 42 இருந்தால், 42-ஐ 14-ஆல் வகுத்தால் கணக்கு 3.00. முன்னால் 13 ஆக்கினால் 3.23. அதாவது அதே வேகத்துக்கு இன்ஜின் 100-க்கு ஏழெட்டுப் பங்கு கூடுதலாகச் சுற்ற வேண்டும். மேட்டில் தெம்பு வரும், மதுரை ரோட்டில் இரைச்சலும் பெட்ரோல் செலவும் கூடும். சின்ன வட்டத்தில் செயின் அதிகம் மடங்குவதால் தேய்மானமும் கூடும். தினமும் மலையில் சுமை ஏற்றுகிறவருக்கு நானே மாற்றிக் கொடுப்பேன். எப்போதாவது சாஸ்தாவைப் பார்க்கப் போகிற உங்களுக்கு வேண்டாம், வளைவுக்கு முன்பே இரண்டாவது கியருக்கு வாருங்கள். மீட்டர் கேபிள் முன்சக்கரத்திலிருந்து வரும் வண்டியில் வேகம் சரியாகக் காட்டும். கியர் பெட்டியிலிருந்து எடுக்கும் வண்டியில் தப்பாகக் காட்டும், அதையும் யோசியுங்கள்.

செயின் மாற்றியபோது கவர் ஆடிச் சத்தம் போடுகிறது என்று மெக்கானிக் கழற்றி வைத்துவிட்டார். ‘இப்போதெல்லாம் யார் மாட்டுகிறார்கள்’ என்கிறார். நான் சேலையில் பின்னால் உட்காருகிறவள். — ஆசிரியை, இலஞ்சி

டீச்சர், இன்றைக்கே திரும்ப மாட்டச் சொல்லுங்கள். ஆடினால் அதன் போல்ட்டையும் ரப்பர் வாஷரையும் மாற்றினால் சத்தம் போய்விடும், அது பத்து நிமிட வேலை. முழுக் கவர் இருக்கும் செயினில் மண் படிவதும் குறைவு, ஆகவே கழற்றியது உங்கள் செயினுக்கும் நல்லதல்ல. வண்டியில் சேலை கார்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். பின்னால் இருப்பவரின் உடை சக்கரத்தில் சிக்காமல் பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி சொல்கிறது. மெக்கானிக் மறுத்தால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

செயின் லாக்கை எந்தப் பக்கம் பார்த்து மாட்டுவது? — வாசகர், கடையநல்லூர்

லாக் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். மேல்பக்கச் செயின் இன்ஜினை நோக்கி ஓடுகிறது, எனவே லாக் மேலே இருக்கும்போது மூடிய முனை முன்னால், பிளந்த முனை பின்னால். கிளிப் தன் பள்ளத்தில் முழுதாக இறங்கியிருக்கிறதா என்று ஸ்குரூ டிரைவர் நுனியால் ஆட்டிப் பாருங்கள். பழைய கிளிப்பை நிமிர்த்தித் திரும்பப் போடாதீர்கள், செட்டில் புதிது ஒன்று இருக்கும்.