மனைவியை எப்போது அழைத்துக்கொள்வது? டோக்கியோவுக்கு வரவிருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

கோயம்புத்தூரில் திருமணம் முடிந்த கையோடு டோக்கியோவில் மென்பொருள் வேலை அமைந்திருக்கிறது என்றும், இந்தியர்கள் நிறைய இருக்கும் நிஷி-கசாயில் வீடு பார்க்கலாமா, மாதம் எவ்வளவு மிச்சம் பிடிக்க முடியும், சைவச் சாப்பாட்டுக்கு என்ன வழி, மிக்ஸியும் கிரைண்டரும் கொண்டுவரலாமா என்றும் வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் ஒரே ஒரு வரியில், "மனைவி டிபெண்டன்ட் விசாவில் கூடவே வருகிறாள், அவளுக்கு ஜப்பானிய மொழி தெரியாது, போகப்போகப் பழகிவிடும்தானே அக்கா?" என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் நான்குக்கும் பதில் சொல்ல இங்கே ஊர்ப்பட்ட பேர் இருக்கிறார்கள். நான் அந்தக் கடைசி வரிக்கே பதில் எழுதுகிறேன். 2009 ஜனவரியில் நரிதா விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது நான் அப்படியொரு கடைசி வரியாகத்தான் இருந்தேன்.

போகப்போகப் பழகிவிடாது, தம்பி. பழகுவது உங்களுக்கு. உங்களுக்கு அலுவலகம் இருக்கிறது, ஆங்கிலம் பேசும் மேலாளர் இருக்கிறார், மதியம் கூடச் சாப்பிட நாலு பேர் இருக்கிறார்கள், சந்தேகம் வந்தால் கேட்பதற்கு மனிதவளப் பிரிவு இருக்கிறது. காலை ஏழரைக்கு டோசாய் பாதை ரயிலின் நெரிசலில் ஏறி இரவு பத்துக்கு மேல் திரும்பும் நீங்கள், களைப்பாக இருந்தாலும், ஒரு நாளை வாழ்ந்துவிட்டுத்தான் வருகிறீர்கள். ஊரில் வேலை பார்த்துச் சம்பளம் வாங்கிய அந்தப் பெண்ணோ உங்களுடைய சாவிச் சத்தத்துக்காகக் காத்திருப்பதையே ஒரு வேலையாகச் செய்ய வேண்டியிருக்கும்.

தஞ்சாவூர்க்காரியான எனக்குக் குளிர் என்றால் மார்கழிப் பனிதான் தெரியும். ஜப்பானிய வீடுகளில் குளிர்காலத்தில் சூடாக்குவதும் ஏசிதான், அதுவும் பெரும்பாலும் ஓர் அறையில்தான் ஓடும்; அந்த அறையைவிட்டு வெளியே கால் வைத்தால் சமையலறையும் குளியலறையும் தெருவைப் போலவே சில்லிட்டிருக்கும். உள்ளே நாம் சாம்பார் கொதிக்கவைக்க, குக்கர் ஆவியெல்லாம் ஜன்னல் கண்ணாடியில் நீராகக் கோத்து வழிந்து, கீழே மரச்சட்டத்தில் தேங்கி, சில வாரங்களில் அலமாரிக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சணம் பூத்துவிடும். விடிந்ததும் வாசல் தெளித்துப் பழகிய கை, இங்கே விடிந்ததும் பழைய துண்டை எடுத்து ஜன்னலைத் துடைத்துப் பிழியப் பழகியது. அந்த முதல் குளிர்காலத்தில் துடைக்கிற வேலை இருந்ததே ஒரு துணையாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களோ என்னவோ.

அதைவிடக் கொடுமை தபால் பெட்டி. பீட்சா விளம்பரம், தண்ணீர்க் கட்டணச் சீட்டு, வார்டு அலுவலகத்தின் வரி அறிவிப்பு, வீட்டில் ஆளில்லை என்று எண்ணிக் கூரியர்காரர் போட்டுவிட்டுப் போன சீட்டு ஆகிய எல்லாமே படிக்கத் தெரியாத கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். ஆளில்லை என்பதுகூடச் சரியில்லை. உள்ளே இருந்துகொண்டே, பேசத் தெரியாத பயத்தில் கதவைத் திறக்காமல் இருந்துவிடுவோம். அந்தச் சீட்டுகள் எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்துக்கு அடியில் சேர்ந்துகொண்டே போகும். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இருவரும் தரையில் உட்கார்ந்து, எது குப்பை எது கட்டணம் என்று சிவப்பு எழுத்தையும் எண்களையும் வைத்து ஊகித்துக் கொண்டிருப்போம்.

மருத்துவமனையில் வேறொரு கூத்து. நம் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர் ஏறியிருக்கும். இங்கே குடும்பப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். காய்ச்சலோடு காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருக்கையில், செவிலியர் என் அப்பாவின் பெயரைத் துண்டு துண்டாக நீட்டி முழக்கி அழைப்பார். முதல் தடவை யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நான் பேசாமல் இருந்துவிட்டேன். கணவருக்கு ஒரு குடும்பப் பெயர், மனைவிக்கு வேறொன்று என்பதைக் கண்டு வீட்டு முகவரும் வங்கி ஊழியரும் நாங்கள் உண்மையில் தம்பதிதானா என்று பணிவோடு சந்தேகப்படுவார்கள். ஆகவே திருமணத்தை உடனே பதிவுசெய்து, சான்றிதழில் உள்ள எழுத்துகள் இரண்டு பாஸ்போர்ட்டுகளிலும் உள்ளவாறே இருக்கின்றனவா என்று ஓர் எழுத்து விடாமல் பாருங்கள்.

நிஷி-கசாயில் வீடு பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாங்களும் அங்கேதான் தொடங்கினோம். 2000-ஐ ஒட்டி, கணினிகளின் ஆண்டுக் கணக்குச் சிக்கலைச் சரிசெய்ய நம் ஆட்கள் வந்த காலத்திலிருந்தே நிஷி-கசாய் இருக்கும் எதோகாவா வார்டில் இந்தியர்கள் சேரத் தொடங்கிவிட்டார்கள். நகர மையத்திலுள்ள ஒடேமாச்சி அலுவலகங்களுக்கு ஒரே ரயில். அரசு சார்ந்த வாடகை வீடுகளான யூஆர் குடியிருப்புகளில் உத்தரவாதம் கொடுக்க ஆள் தேட வேண்டாம், வீட்டுக்காரருக்கு அன்பளிப்பாகக் கொடுத்துத் திரும்ப வராத அந்த 'ரெய்கின்' பணமும் வேண்டாம், ஒப்பந்தம் புதுப்பிக்கக் கட்டணமும் இல்லை. வெளிநாட்டவர் என்றதும் கதவைச் சாத்தும் தனியார் வீட்டுக்காரர்களிடம் அலைந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். பள்ளிக்கூடங்களும் பின்னாலேயே வந்தன: பக்கத்துக் கோட்டோ வார்டில் 2004-இலும், எதோகாவாவில் 2006-இலும் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் தொடங்கப்பட்டன.

என் குறை அந்த இடத்தின் மீதல்ல, அங்கே கிடைக்கும் அறிவுரையின் மீது. "இங்கே எல்லாமே கிடைக்கும், மொழியே தேவையில்லை, இரண்டு வருடத்தில் திரும்பப் போகிறோம், எதற்கு வீண் வேலை?" என்று வந்த புதிதிலேயே உங்கள் மனைவியின் காதில் ஓதுவதற்கு ஆள் தயாராக இருப்பார்கள். அந்த இரண்டு வருடம் அவர்களுக்குப் பன்னிரண்டு வருடமாகியிருக்கும். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் இன்றும் கணவர் விடுப்பு எடுத்து வர வேண்டும். ஆனாலும் ஜப்பானியர்கள் யாரோடும் ஒட்டமாட்டார்கள் என்று அடித்துப் பேசுவார்கள். ஒரு வாக்கியம் பேசத் தெரியாதவரோடு யார்தான், எப்படித்தான் ஒட்டுவது?

எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் நம்மவர் ஒருவர் இருந்தார். இரவு பதினொரு மணிக்கு மேல் மாவரைப்பார். நிர்வாகத்திலிருந்து மின்தூக்கியில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். இரவில் இயந்திர ஓசையைத் தவிர்க்கவும் என்று, கதவு எண் போடாமல், காதைப் பொத்திக்கொண்டிருக்கும் ஒரு பொம்மைப் படத்தோடு. அந்தக் கட்டடத்தில் அது யாருக்கென்று தெரியாத ஒரே மனிதர் அவர்தான். கைப்பேசியைப் பார்த்தபடியே அதன் முன்னால் தினமும் நின்றுகொண்டு போனார். கடைசியில் நான் போய்ச் சொன்னபோது, "ஜப்பான்காரன் நேரே வந்து சொல்ல வேண்டியதுதானே?" என்று கோபித்துக்கொண்டார். இவர்கள் நேரே வந்து சொல்லமாட்டார்கள், தம்பி. எழுதி ஒட்டுவார்கள். படிக்கத் தெரிந்தவருக்குத்தான் இந்த ஊரில் காது கேட்கும்.

ஆகவே நான் சொல்வது இது. நீங்கள் முதலில் தனியாக வாருங்கள். வீடு, வங்கிக் கணக்கு, தொலைபேசி எல்லாம் அமைய மூன்று நான்கு மாதங்கள் ஆகும். அந்த மாதங்களில் அவர் ஊரிலேயே இருந்து ஹிராகானா, கத்தகானா என்ற இரண்டு எழுத்து வரிசைகளையும் படித்து முடிக்கட்டும். ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது. சென்னையிலும் மையம் உண்டு. கடைசிப் படியான என்5 எழுதிவிட்டு வந்தால்கூட, வந்து இறங்கும் நாளிலேயே கடைப் பலகையும் ரயில் நிலையப் பெயரும் வாயில் வரும். வந்தபின், வீட்டில் குடியேறிய 14 நாள்களுக்குள் வார்டு அலுவலகத்தில் முகவரி பதிய வேண்டும் என்பது சட்டம். அதே நாளில் அதே கட்டடத்தில், தன்னார்வலர்கள் நடத்தும் ஜப்பானிய வகுப்புகள் எங்கே நடக்கின்றன என்று கேட்டுச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கட்டணம் மிகக் குறைவு. எனக்கு அங்கே கற்றுத்தந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. இலக்கணத்தைவிட, தொலைபேசியில் கூரியர்காரரிடம் மறுநாள் வரச் சொல்வது எப்படி என்பதைத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தார். அந்த அழைப்பை முடித்துவிட்டு நான் பட்ட பெருமையை, பின்னால் மேல்படியான என்2 தேர்ச்சி பெற்றபோதுகூடப் படவில்லை.

அந்த வகுப்பின் பயன் 2011 மார்ச் 11 அன்று எனக்குத் தெரிந்தது. அந்தப் பெரிய நிலநடுக்கத்தில், பிற்பகல் 2:46-க்கு ஆடத் தொடங்கிய கட்டடம் நிற்கவே இல்லை என்று தோன்றியது. ரயில்கள் எல்லாம் நின்றுவிட்டன. கணவர்மார்கள் அரகாவா ஆற்றுப் பாலத்தைக் கடந்து மணிக்கணக்கில் நடந்து நள்ளிரவில் வந்து சேர்ந்தார்கள். அதுவரை பூங்காவில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நின்ற நம் பெண்களுக்கு ஒலிபெருக்கியில் என்ன சொல்கிறார்கள் என்று சொல்ல என்னைத் தவிர ஆளில்லை. எனக்கும் பாதிதான் புரிந்தது, ஆனால் அந்தப் பாதி போதுமானதாக இருந்தது. பிறகு, ஃபுகுஷிமா அணு உலை விபத்தைத் தொடர்ந்து, மார்ச் 23 அன்று, கனமாச்சி நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணீரில் கதிரியக்க அயோடின் கிலோவுக்கு 210 பெக்கெரல் இருக்கிறது, கைக்குழந்தைகளுக்கான வரம்பு 100, அவர்களுக்குக் குழாய்த் தண்ணீர் வேண்டாம் என்று அறிவித்தார்கள். கடைகளில் தண்ணீர் பாட்டில் அடுக்குகள் அன்று மாலையே காலியாகிவிட்டன. கைக்குழந்தை ஒன்றுக்கு 550 மில்லி பாட்டில் மூன்று என்று அரசு கொடுக்கிறது என்ற செய்தியைப் படித்துவிட்டு, பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பெண்ணை அழைத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றேன். அவள் கணவர் அப்போது ஊருக்கு விமானச் சீட்டுத் தேடிக்கொண்டிருந்தார். அந்த வாரத்தில் பறந்து போனவர்களை நான் குறை சொல்லமாட்டேன். திரும்பி வந்தபின் ஜப்பானைப் பற்றி நமக்கே பாடம் எடுத்தவர்களைப் பற்றித்தான் எனக்குச் சற்று மனத்தாங்கல்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சேமிப்புக் கணக்கை ரூபாயில் போடாதீர்கள்; யென்னின் மதிப்பு ஒரே சீராக இருக்காது: 2012 வாக்கில் ஒரு டாலருக்கு 80 யென், 2024 ஜூலைத் தொடக்கத்தில் 160 யென். பெருக்கிப் பார்த்தவர்கள் தூக்கம் தொலைத்ததுதான் மிச்சம். முந்தைய ஆண்டு வருமானத்தின் மீது விதிக்கப்படும் குடியிருப்பு வரி அடுத்த ஆண்டு ஜூனிலிருந்துதான் பிடிக்கத் தொடங்கும். முதல் வருடச் சம்பளத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். சைவர்களுக்குப் பகை கறியல்ல, பெரும்பாலான சாறுகளில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் மாசிக் கருவாட்டுத் துருவல். இங்கே மின்சாரம் 100 வோல்ட். நம் 230 வோல்ட் மிக்ஸி முனகும், சுற்றாது. அமெரிக்காவுக்கென்று விற்கும் 110 வோல்ட் மிக்ஸி நன்றாகவே ஓடுகிறது. கிரைண்டர் ஆசை இருந்தால் பகலில் அரையுங்கள்.

வேலை விஷயம்தான் முக்கியம். டிபெண்டன்ட் விசாவில் வருபவர் தானாக வேலைக்குப் போக முடியாது. குடிவரவு அலுவலகத்தில் தனியே அனுமதி கேட்டால், கட்டணமின்றி, வாரம் 28 மணி நேரம் வரை வேலைசெய்யலாம் என்று குடியிருப்பு அட்டையின் பின்புறம் முத்திரையிட்டுத் தருவார்கள். இரண்டு இடங்களில் வேலை செய்தாலும் சேர்த்து 28 மணிதான். மீறினால் விசாப் புதுப்பிப்பில் வந்து நிற்கும். முழு 28 மணியும் உழைத்தால், மணிக்கு 1,200 யென் என்று வைத்தாலே, ஆண்டு வருமானம் 13 லட்சம் யென்னைத் தாண்டிவிடும்; அப்போது உங்கள் காப்பீட்டின் கீழிருந்து வெளியே வந்து, மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியமும் அவரே கட்ட வேண்டியிருக்கும். நான் இந்த வழியில்தான் தொடங்கி, மொழி தேறியபின் ஒரு சரக்குப் போக்குவரத்து அலுவலகத்தில் ஆவண வேலை கிடைத்து, சொந்த வேலை விசாவுக்கு மாறினேன். அதற்கு வருடங்கள் பிடித்தன.

உங்களுக்கு வேறொரு வழி இருக்கலாம். படிப்பு, அனுபவம், சம்பளம், வயது ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டு 70 வந்தால், உயர்திறன் வல்லுநர் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். அந்த விசாக்காரரின் மனைவி, கூடவே வசித்து, ஜப்பானியருக்கு இணையான சம்பளமும் பெற்றால், அதற்கென உள்ள தனி அனுமதியில் பொறியியல், மொழிபெயர்ப்பு போன்ற வேலைகளை முழுநேரமாகவே பார்க்கலாம். நிறுவனங்கள் பழகிய சாதாரண விசாவுக்கே விண்ணப்பம் போடும். நீங்களாகக் கேட்காவிட்டால் யாரும் வாய்திறக்கமாட்டார்கள். விசாவுக்கு முன்னதாக நிறுவனம் வாங்கும் உங்கள் தகுதிச் சான்றிதழுக்கான விண்ணப்பம் போகும் முன், இந்த வாரமே மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்துவிட்டு மனிதவளப் பிரிவுக்கு எழுதுங்கள். எழுதும்போது உங்கள் மனைவியையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தனி அனுமதிக்கு அவருடைய படிப்போ அனுபவமோ நிபந்தனை அல்ல என்பதை அவரும் தெரிந்துகொள்ளட்டும்.