காட்டுப் பாதையில் சரளை அடிப்பது: சின்ன டிராக்டர்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

25 குதிரைத்திறன் டிராக்டர், ஒரு டன் டிரெய்லர், முன்னால் ஒரு லோடர் பக்கெட். இவற்றை வைத்துத்தான் மரங்களுக்கு நடுவே போகும் ஒரு வண்டிப் பாதையைப் பல வருடங்களாகப் பராமரித்து வருகிறேன். வந்த கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, எங்கள் பாதையில் ஒரே இடத்தில் வருடா வருடம் சேறு. மூன்று நான்கு லோடு கொட்டினாலும் அடுத்த மழைக்குக் கல்லைக் காணோம். எங்கேதான் போகிறது?

கீழே போகிறது. ஈர மண் மேல் கல்லைக் கொட்டி வண்டி ஓட்டினால், சக்கரம் அழுத்த அழுத்தச் சேறு கல்லின் சந்து வழியாக மேலே ஏறும், கல் உள்ளே இறங்கும். நானும் ஒரு வளைவில் மூன்று வருடம் இப்படியே கொட்டிக்கொண்டிருந்தேன். நான்காம் வருடம் மழை நாளில் குடையோடு போய் நின்று பார்த்தேன். மேட்டுப் பக்கத்திலிருந்து ஊற்றுத் தண்ணீர் மெல்லப் பாதைக்குள் கசிந்துகொண்டிருந்தது. மேட்டுப் பக்கம் ஒரு வாய்க்கால் வெட்டி, பாதைக்கு அடியில் 30 செ.மீ. விட்டமுள்ள குழாய் ஒன்றைச் சாய்வாகப் புதைத்துத் தண்ணீரை மறுபக்கம் இறக்கினேன். அதற்குப் பிறகு அங்கே ஒரு லோடுகூடக் கொட்டவில்லை.

முதலில் தண்ணீர், அப்புறம்தான் கல். மழையில் போய் நின்று தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். அதற்கு வழி செய்த பிறகு, காய்ந்த நாளில் இலைக்குப்பையையும் கறுப்பு மக்கையும் வழித்தெடுங்கள். மக்கு மேல் போட்ட கல் நிற்காது. மண் மிகவும் இளக்கமாக இருந்தால் ஜியோடெக்ஸ்டைல் துணி (தண்ணீரை விட்டு, சேறும் கல்லும் கலக்காமல் தடுக்கும் துணி) விரித்து, அதன் மேல் 50 முதல் 75 மி.மீ. உடைகல், அதற்கும் மேல் தூளோடு கலந்த 20 மி.மீ. உடைகல். பாதைக்கு மேல் கவிந்த கிளைகளையும் கழித்துவிடுங்கள். வெயில் படாத பாதை காயாது.

கேள்வி: 100 மீட்டர் பாதைக்கு எவ்வளவு சரளை வேண்டும்?

நீளம், அகலம், கனம் மூன்றையும் பெருக்குங்கள். 100 மீட்டர், 3 மீட்டர் அகலம், 10 செ.மீ. கனம் என்றால் 30 கன மீட்டர். அது இறுகிய அளவு. கொட்டும்போது 20 முதல் 25 சதவீதம் கூடுதலாக வேண்டும், ஆக 36, 37 கன மீட்டர். ஒரு கன மீட்டர் சுமார் 1.6 டன் வரும். மொத்தம் 60 டன் பக்கம் போகும். ஒரு டன் டிரெய்லரில் 60 நடை. இந்தக் கணக்கைப் போட்ட பிறகு முழுப் பாதைக்கும் கல் வேண்டுமா என்று யோசியுங்கள். பல பாதைகளில் கெட்டுப்போன நான்கைந்து இடங்களைச் சரி செய்தாலே போதும்.

கேள்வி: இறக்கத்தில் லோடோடு வரும்போது டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளுகிறது. பிரேக் போட்டால் டிராக்டர் ஒரு பக்கமாக இழுக்கிறது. பயமாக இருக்கிறது அண்ணா.

நீங்கள் பயப்படுவது சரிதான் தம்பி. இன்றைக்கே லோடு அடிப்பதை நிறுத்துங்கள். இடது, வலது பிரேக் மிதிகளைக் கொக்கி போட்டு ஒன்றாக இணைத்திருக்கிறீர்களா பாருங்கள். இணைத்திருந்தும் இழுத்தால் இரண்டு பக்கமும் சமமாகப் பிடிக்கவில்லை. அதைச் சரி செய்யும் வரை இறக்கத்துக்குப் போகக்கூடாது.

அப்புறம், பல சின்ன டிராக்டர்களில் பிரேக் பின் சக்கரங்களுக்கு மட்டும்தான். நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டால்தான் முன் சக்கரங்களும் சேர்ந்து பிடிக்கும். ஏற்றத்துக்கு மட்டும் அதைப் போட்டுவிட்டு உச்சியில் எடுத்துவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இறக்கத்துக்குத்தான் அது கட்டாயம் வேண்டும். உச்சியிலேயே நின்று கீழ் கியருக்கு மாற்றி, அதே கியரில் அடிவாரம் வரை வாருங்கள். நடுவில் கிளட்சை மிதிக்காதீர்கள். மிதித்தால் இன்ஜின் பிடிப்பு அந்த நொடியே போய்விடும். அப்போது பிரேக்கை அழுத்தினால் தளர்ந்த கல் மேல் பின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு சறுக்கும், டிரெய்லர் பக்கவாட்டில் வந்து டிராக்டரை மடக்கித் தள்ளும். அப்படி ஒரு முறை என் கண்ணெதிரே நடந்தது. ஓட்டியவர் பெல்ட் போட்டிருந்தார், கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டமும் நிமிர்ந்து இருந்தது, அதனால் எழுந்து நடந்து வந்தார்.

டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லையென்றால், டிரெய்லரும் லோடும் சேர்ந்து டிராக்டரின் எடையைத் தாண்டவே கூடாது என்பது நான் வைத்திருக்கும் வரம்பு. உங்கள் டிராக்டரின் கையேடு அதைவிடக் குறைவாகச் சொன்னால் கையேட்டைக் கேளுங்கள்.

கேள்வி: டிரெய்லரில் அடிப்பது நல்லதா, லோடர் பக்கெட்டிலேயே கொண்டுபோவது நல்லதா?

குவியலிலிருந்து ஐம்பது மீட்டருக்குள் என்றால் பக்கெட். அதற்கு மேல் டிரெய்லர். கால் கன மீட்டர் பக்கெட் நிறைய அள்ளினால் 400 கிலோ. அத்தனையும் முன் அச்சில் உட்காரும், பின் சக்கரம் இலேசாகிவிடும். பிரேக் பின்னால்தானே இருக்கிறது? அதனால் பின்பக்கம் எடை கட்டாமல் பக்கெட்டில் அள்ளாதீர்கள். பக்கெட்டைத் தரையை ஒட்டியே வைத்துப் போங்கள். இறக்கத்தில் பின்பக்கமாக, ரிவர்ஸில் இறங்குங்கள், பக்கெட் மேட்டுப் பக்கம் இருக்கட்டும்.

கேள்வி: என் பாதை 80 மீட்டர். எவ்வளவு சரளை வேண்டும்?

மேலே உள்ள கணக்கில் 100க்குப் பதில் 80 போடுங்கள்.

கேள்வி: எங்கள் நிலத்திலேயே உருண்டைக் கல் நிறையக் கிடக்கிறது. காசு கொடுத்து உடைகல் வாங்கச் சொல்கிறீர்களே, கல்லுக்குக் கல் என்ன வித்தியாசம்?

உருண்டைக் கல் ஒன்றை ஒன்று பிடிக்காது. சக்கரம் ஏறினால் கோலிக்குண்டு மாதிரி விலகி ஓரத்துக்குப் போய்விடும். உடைகல்லின் மூலைகள் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொள்ளும். தூள் சந்துகளை நிரப்பி இறுக்கும். 1816இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் சாலைகளுக்குப் பொறுப்பேற்ற ஜான் லவுடன் மெக்காடம் என்ற ஸ்காட்லாந்துக்காரர் வற்புறுத்தியதும் உடைத்த, மூலையுள்ள கல்லைத்தான்.

அதே வாசகர்: மெக்காடம் தூளும் மண்ணும் கலக்கவே கூடாது என்றாரே! நீங்கள் தூளோடு போடச் சொல்கிறீர்கள். யார் சொல்வது சரி?

நல்ல கேள்வி, இதை நானும் நிறைய யோசித்திருக்கிறேன். அவர் காலத்தில் ஓடியவை இரும்புப் பட்டை போட்ட வண்டிச் சக்கரங்கள். அவையே கல்லின் மேற்பரப்பை அரைத்துத் தூளாக்கி, சந்துகளை நிரப்பி, பாதையை இறுக்கிவிட்டன. ரப்பர் டயர் அப்படி அரைக்காது. வேகமாக ஓடினால் இருக்கிற தூளையும் கிளப்பிவிடும். மோட்டார் வண்டி வந்த பிறகு சாலைகளில் தார் ஊற்ற வேண்டி வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அதனால் அன்று சக்கரம் செய்த வேலைக்கு இன்று நாமே தூளைக் கலந்து போடுகிறோம். கிரஷரில் உடைத்த கல்லின் தூளைத்தான் சொல்கிறேன், வயல் மண்ணையோ களிமண்ணையோ அல்ல.

மீண்டும் அதே வாசகர்: எங்கள் பெரியவர்கள் உருண்டைக் கல்லில்தான் பாதை போட்டார்கள், இன்னும் நிற்கிறது.

நிற்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாதையைப் போய்ப் பாருங்கள். அது சுற்றியுள்ள நிலத்தைவிட உயரமாக இருக்கும், இரண்டு பக்கமும் தண்ணீர் வடியும். பாரத்தைத் தாங்குவது அடியில் இருக்கும் மண், அது காய்ந்திருந்தால் எந்தப் பாரத்தையும் தாங்கும் என்பதுதான் மெக்காடத்தின் அடிப்படையே. அடிமண் காய்ந்து கிடந்தால் உருண்டைக் கல்லும் சமாளிக்கும். ஏற்றத்தில் மட்டும் சமாளிக்காது. ஈர ஏற்றத்தில் லோடோடு ஒரு தடவை சக்கரம் சுற்றட்டும், கல்லெல்லாம் பின்னால் பறக்கும்.

கேள்வி: பாதையின் நடுவை எவ்வளவு மேடாக்க வேண்டும்?

4 முதல் 6 சதவீதச் சரிவு. 3 மீட்டர் பாதையில் ஓரத்தைவிட நடு 6 முதல் 9 செ.மீ. உயரம் இருக்க வேண்டும். தட்டையாக விட்டால் தண்ணீர் சக்கரத் தடத்தையே வாய்க்காலாக்கிக்கொள்ளும். நீண்ட இறக்கம் என்றால் நடுமேடு மட்டும் போதாது. குறுக்கே சாய்வாகத் தாழ்ந்த வரப்புகள் போட்டு, இடையிடையே தண்ணீரை வெளியே திருப்புங்கள்.

கேள்வி: கொட்டிய பிறகு பரப்புவதற்குள் இடுப்பு போய்விடுகிறது. வழி உண்டா?

பின்கதவை முழுக்கத் திறக்காமல், ஒரு சாண் இடைவெளி வரும்படி சங்கிலியால் கட்டுங்கள். பெட்டியைக் கொஞ்சம் தூக்கிவிட்டு மெல்ல முன்னே நகர்ந்தால் சரளை பாய் விரித்த மாதிரி விழும். தரை இரண்டு பக்கமும் மட்டமாக இருக்க வேண்டும், சாய்ந்த இடத்தில் தூக்கினால் பெட்டி கவிழும். குவியலுக்குப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். அடுத்தடுத்த லோடு புதுக் கல் மேலேயே ஓடும், அதுவே இறுக்கிவிடும். ஒரே தடத்தில் ஓட்டாமல் ஒவ்வொரு நடைக்கும் ஒரு சக்கர அகலம் தள்ளி ஓட்டுங்கள்.

கேள்வி: ஹைட்ராலிக் எண்ணெய் எது நல்லது?

கையேட்டில் போட்டிருக்கும். இல்லையென்றால் உங்கள் மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

கேள்வி: ஓடைக்குக் குறுக்கே குழாய் புதைக்கலாமா?

பாதையில் கசியும் தண்ணீர் வேறு, ஓடை வேறு. ஓடை என்றால் உங்கள் பகுதி அதிகாரிகளைக் கேட்ட பிறகே மண்வெட்டியைத் தொடுங்கள்.

கேள்வி: எனக்கு 250 மீட்டர். எத்தனை லோடு ஆகும்?

கணக்கு மேலே இருக்கிறது, இரண்டு பேருக்குச் சொல்லிவிட்டேன். நீங்கள் மழையில் போய்ப் பார்த்தீர்களா, எங்கே தண்ணீர் நிற்கிறது? அதை எழுதுங்கள், பக்கம் பக்கமாகப் பதில் சொல்கிறேன்.

உருண்டைக் கல் வாசகர்: சரி ஐயா, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் நிலத்தில் கிடக்கும் இருபது முப்பது டன் கல்லை என்ன செய்வது?

வீணாக்க வேண்டாம். பெரிய கல்லைக் குழாயின் வெளிவாயில் அடுக்குங்கள், விழும் தண்ணீர் மண்ணை அரிக்காது. வாய்க்கால் சரிவான இடங்களிலும் அடியில் பரப்பலாம். மீதியைச் சமதளத்தில், துணி விரித்த பள்ளத்தில் அடிக்கல்லாகப் போட்டு, மேலே 10 செ.மீ. உடைகல் போட்டு மூடுங்கள். இறக்கத்து வழியாகத்தான் கொண்டுவர வேண்டும் என்றால் அரை லோடாகக் கொண்டுவாருங்கள், கிளட்சில் கால் வைக்காதீர்கள்.